இருந்த இடத்திலேயே வீடு: கருணாநிதி போட்ட கணக்கும் பட்டினப்பாக்கத்தின் பாக்கியும்

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் பட்டினப்பாக்கம். வடக்கே கலங்கரை விளக்கம் வரை லூப் ரோடு. அதை ஒட்டி டுமீங்குப்பம், நொச்சிக்குப்பம். தெற்கே ஃபோர்ஷோர் எஸ்டேட்டைத் தாண்டினால் ஸ்ரீனிவாசபுரம், அதற்கப்பால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், 1970களில் அறுந்துபோன உடைந்த பாலம். ஏழைகள் குடியிருக்கும் வீட்டைப் பற்றித் தமிழ்நாட்டு அரசியல் அரை நூற்றாண்டாக என்னென்ன நினைத்ததோ, அத்தனையும் இந்தச் சிறு பரப்பில் கட்டடமாகவும் இடிபாடாகவும் நிற்கிறது.

2024 டிசம்பரில் ஸ்ரீனிவாசபுரத்துப் பழைய அடுக்குமாடி ஒன்றில், மாடி வீட்டு ஜன்னலை ஒட்டியிருந்த சிமெண்ட் பகுதி பெயர்ந்து விழுந்தது. கீழே நடந்துபோன, இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் இறந்தார். குடியிருப்பு மக்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சுவர் விரிசல் விடுவதையும் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிவதையும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வெளியாட்கள் எந்தப் பெயரில் அழைத்தாலும் இங்கிருப்பவர்களுக்கு அது ‘போர்டு வீடு’. குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்தது. அந்த வாரியத்தை 1970 செப்டம்பரில் உருவாக்கியவர் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் வசனத்தையும் மேடையையும் மொழிப் போராட்டத்தையும் கூட்டணிக் கணக்குகளையும் எழுதுகிறார்கள். 1957 முதல் 2016 வரை சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட 13 தேர்தல்களிலும் தோற்காதவர், ஐந்து முறை முதல்வர் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீட்டைப் பற்றி அவர் வைத்திருந்த பார்வையை மட்டும் பேசுவோர் குறைவு. என் கணிப்பில் அவருடைய ஆட்சிகளின் உயர்ந்த சிந்தனையும் பெரிய சறுக்கலும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் பட்டினப்பாக்கத்தில் நின்று பார்க்கலாம்.

வெண்மணிக்குப் பிறகு ஒரு முதல்வர்

1957இல் குளித்தலையிலிருந்து முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்த கருணாநிதி, கன்னிப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டது நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை. நிலம் யாருடையது, உழுபவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியோடுதான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது.

அண்ணா 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார். ஒரு வாரத்தில், பிப்ரவரி 10 அன்று, கருணாநிதி முதல்வரானார். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டிருந்தார்கள். கருணாநிதி பிறந்த திருக்குவளையும் கீழ்வெண்மணியும் அன்று ஒரே தஞ்சை மாவட்டம். அந்தக் கொடுமை நடந்தது தி.மு.க. ஆட்சியில். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நீதியின் கணக்கில் தமிழ்நாடு இன்றும் தீர்க்காத கடன் அது.

கீழத்தஞ்சையின் அன்றைய நடைமுறையைத் தெரிந்துகொண்டால் அடுத்து வந்த சட்டத்தின் அருமை புரியும். பண்ணையாளின் குடிசை மிராசுதாரரின் நிலத்தில் இருக்கும். கூலி அதிகம் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். தலைக்கு மேலிருந்த கூரையே கழுத்தில் மாட்டிய கயிறு. 1971இல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம் அந்தக் கயிற்றை அறுத்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனைக்கட்டே சொந்தமானது. அதற்கு முந்தைய ஆண்டு நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டைகள் பல, பெரிய பண்ணைகள் பினாமிகளில் ஒளிந்தன. மனைக்கட்டுச் சட்டமோ சத்தமில்லாமல் வேலை செய்தது. கூலிக்காக வாயைத் திறந்தால் வீடு போகும் என்ற பயம் போனது.

இருக்கிற இடத்திலிருந்து துரத்த முடியாது என்ற உறுதிதான் ஏழைக்குக் கிடைக்கும் முதல் நீதி. கிராமத்தில் இதைச் சட்டமாக்கிய அதே கை, அதே ஆண்டுகளில் சென்னைக்கும் ஒரு சட்டம் எழுதியது.

கடலோரத்தில் நான்கு சுவர்

அன்றைய சென்னையில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், கடற்கரை என நீரோரம் எல்லாம் ஓலைக் குடிசைகள். கோடையில் தீ, மழையில் வெள்ளம். துறைமுகத்திலும் சந்தையிலும் கட்டட வேலையிலும் நகரத்தைத் தாங்கியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நகராட்சி மனப்பான்மைக்கு அவர்கள் அப்புறப்படுத்த வேண்டிய அழுக்கு. கருணாநிதி 1967 முதல் சட்டமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த சைதாப்பேட்டை அடையாற்றின் கரை. அந்த ஆறு கடலில் சேரும் இடம்தான் ஸ்ரீனிவாசபுரம்.

இராம. அரங்கண்ணலை முதல் தலைவராகக் கொண்டு வாரியம் வேலையைத் தொடங்கியது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாக்கு அதன் முழக்கம். ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இருக்காது என்று அறிவித்தார்கள். அது நடக்கவில்லை. ஆனால் வாரியம் எடுத்த ஒரு முடிவு, இந்திய நகரங்கள் பலவற்றுக்கு அன்று தோன்றாதது: குடிசை இருந்த இடத்திலேயே அல்லது கூப்பிடு தூரத்தில் மாடி வீடு. நொச்சிக்குப்பத்து மீனவர் படகைப் பார்த்தபடி குடியிருந்தார். மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண் நடந்தே போய்த் திரும்பினார். சாந்தோம் பள்ளிக்குப் பிள்ளை நடந்து போனது.

வீடு சிறியதுதான். ஓர் அறை, ஒட்டினாற்போல் அடுப்படி, குளிக்க ஒரு மூலை. எல்லாம் சேர்ந்து 250 சதுர அடி வருவதே பெரிது. ஆனால் கட்டடம் நின்ற மனையின் மதிப்பைப் பாருங்கள். பணக்காரர்கள் கடல் காற்றுக்காகக் கோடிகளைக் கொட்டும் கரையில், மீனவருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அரசு தன் செலவில் இடம் உறுதி செய்தது. குடிசைப் பகுதிகளில் தி.மு.க.வுக்கு வாக்கு வங்கி இருந்தது, அதனால்தான் செய்தார் என்பார்கள். இருக்கட்டும். தனக்கு வாக்களித்தவர்களை ஊருக்கு வெளியே துரத்துவதைவிட, ஊருக்குள்ளேயே வீடு கட்டிக் கொடுத்து வாக்குக் கேட்பது மேலான அரசியல்.

வீட்டைவிடக் கெட்டியானது 1971இல் வந்த குடிசைப் பகுதிகள் சட்டம். ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்குள்ளவரை வெளியேற்ற முடியாது. அறிவிப்பு வந்தால் அங்கே தண்ணீர், விளக்கு, கழிப்பிடம் கேட்கும் தகுதியும் வந்தது. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதோடு நின்றது. அதன் பிறகு எம்.ஜி.ஆர்., கருணாநிதி, ஜெயலலிதா, யார் ஆண்டபோதும் நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் வளரவில்லை. பட்டியலில் ஏறாத குடியிருப்பு அரசுக் கோப்பில் ‘ஆக்கிரமிப்பு’. ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் சூட்டிய பிறகு புல்டோசருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இந்தப் பட்டியலைத் திறக்காமல் விட்டது எல்லாக் கட்சிகளும் கூட்டாகச் செய்த அநீதி. அதைத் திறந்துவைத்த தலைவர், பின்னர் மூன்று முறை முதல்வராக வந்தும் தொடரவில்லை என்பதால் அவர் பங்கு இன்னும் கூடுதல்.

1976 ஜனவரி 31இல் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன், நெருக்கடி நிலை, பிறகு எம்.ஜி.ஆரின் காலம். 1977 முதல் உலக வங்கிக் கடனில் வேறு பாதை வந்தது. அடுக்குமாடி கட்டுவது செலவு அதிகம், மனையும் அடிப்படை வசதியும் கொடுத்தால் போதும், மக்களே கட்டிக்கொள்வார்கள் என்பது அந்தப் பாதை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர், கொடுங்கையூர் மனைப்பிரிவுகள் அப்படி வந்தவை. அவையும் பலருக்கு வாழ்வு கொடுத்தன. கடற்கரையில் மட்டும் சச்சரவு ஓயவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லி மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அகற்றப்போய், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. குப்பத்து முதியவர்கள் அதை மறக்கவில்லை.

நூறு வீடு, ஒரே தெரு

1989இல் திரும்ப வந்தபோது கருணாநிதி செய்தவற்றில் இரண்டு, வீட்டு வாசலைத் தொட்டவை. ஒன்று, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தம்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. நாடு முழுவதற்கும் இது 2005இல்தான் வந்தது. மற்றொன்று, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 விழுக்காடு ஒதுக்கீடு. மீனவச் சமூகப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி வாசல் அதனால் திறந்தது.

1990களின் நடுவில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்த பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் சமத்துவபுரம். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. அடுத்தடுத்த வாசல், பொதுக் குழாய், பொதுச் சுடுகாடு, நுழைவில் பெரியார் சிலை. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்த வரைபடம்தான் சாதியைக் காப்பாற்றுகிறது, வரைபடத்தை மாற்றாமல் மனம் மாறாது என்ற தெளிவு அதில் இருந்தது. கட்டிய சில இடங்களில் பராமரிப்பு இல்லை, சில வீடுகள் கைமாறின, பக்கத்து ஊர்களின் சாதி அங்கேயும் எட்டிப் பார்த்தது. என்றாலும், குடியிருப்பின் அமைப்பே நீதியின் கருவி என்று இந்தியாவில் ஒரு முதலமைச்சர் இவ்வளவு நேராக நம்பிச் செயல்பட்டதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மனம் ஆறாதது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

சமத்துவபுரங்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆட்சியில், 2000ஆம் ஆண்டு வாக்கில், துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. நகருக்குள்ளிருந்த ஆற்றோர, கால்வாயோரக் குடிசைவாசிகளைக் கூட்டமாகக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். 15,000க்கும் மேற்பட்ட சிறு வீடுகள். குடியேறியவர்களில் தலித் குடும்பங்கள் பெரும்பங்கு. தொடக்க ஆண்டுகளில் வேலை இல்லை, பேருந்து போதவில்லை, பள்ளி போதவில்லை. ‘கண்ணகி நகர்’ என்று முகவரி எழுதினாலே வேலை மறுக்கப்பட்ட காலம் அது. தனியே ஒதுக்கிய சேரிதான் சாதியைக் காக்கிறது என்று மேலக்கோட்டையில் சொன்ன அரசு, சென்னையின் எல்லையில் மாபெரும் சேரி ஒன்றைத் தானே கட்டியது. இதை வேறு சொற்களால் மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை சென்னையில் கடுமையாக அடித்த இடங்களில் ஸ்ரீனிவாசபுரமும் ஒன்று. பாதுகாப்பு என்ற காரணம் சொல்லி அங்கிருந்த குடும்பங்கள் பலவற்றைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பியது ஜெயலலிதா அரசு. கடலில் இறங்கிப் பிழைக்கிறவரைக் கடல் தெரியாத இடத்தில் வைத்தால் அவர் என்ன செய்வார்? அதிகாலை இரண்டு மணிக்குப் படகு தள்ள வேண்டியவருக்கு எந்தப் பேருந்து ஓடும்? பலர் திரும்பி வந்து பழைய இடத்திலேயே குடிசை போட்டார்கள். அதற்கும் ‘ஒதுக்கிய வீட்டை விற்றுவிட்டு வந்துவிட்டார்கள்’ என்ற பழிச்சொல்.

2006இல் ஐந்தாம் முறை வந்த கருணாநிதி ஆட்சி இந்தப் பாதையிலிருந்து திரும்பவில்லை. பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களுக்கு அடித்தளம் அப்போதுதான் விழுந்தது. மயிலாப்பூரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். பின்வந்த அ.தி.மு.க. ஆட்சி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அங்கே நிரப்பியது. அதே ஐந்தாம் ஆட்சியில்தான் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரை ஓரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டமும் வந்தது. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் வரை மீனவர் வீடுகளும் வலை காயப்போடும் இடங்களும் அதன் பாதையில் இருந்தன. குப்பங்கள் ஒன்றாக எதிர்த்தன, திட்டம் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த தலைவரின் அரசே, கார்கள் விரைந்து போக அவர்களை நகரச் சொன்னது.

கிராமத்துக்கு மட்டும் அவர் கை தாராளமாகவே இருந்தது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்குவதாகச் சொன்னது, ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய் மானியம். 2011இல் ஆட்சி மாறியதும் பெயரோடு திட்டமும் போனது. வேறு பெயரில், வேறு அளவில், ஜெயலலிதாவின் பசுமை வீடுகள் வந்தன. ஏழையின் சுவர் பாதியில் நிற்கும்போது பலகையின் பெயரை மாற்றும் இந்த வழக்கத்தை இரு கழகங்களும் விட வேண்டும்.

நீதிமன்றம் சொன்னதும் செய்ததும்

1985இல் உச்ச நீதிமன்றம் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படிப்போர் அனைவருக்கும் தெரியும். அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான அதே சந்துருதான். தமிழ்நாட்டில் வாரியம் இருப்பதையும் மாற்று இடம் தரும் நடைமுறை இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நீதிமன்றம், அந்த அக்கறையை அரசு தொடரும் என்று நம்பியது. 1970இல் உருவான ஓர் அமைப்பு, பதினைந்து ஆண்டுகள் கழித்து டெல்லியில் ஏழைகளுக்குச் சாட்சியாக நின்றது.

அந்த நம்பிக்கை காப்பாற்றப்படவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓர வீடுகளை நீதிமன்ற உத்தரவின்படி இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். பட்டினப்பாக்கத்துக்கு அடுத்த பகுதி அது. அங்குள்ளவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தந்தை 1970இல் பிடித்த கொள்கைக்கு மகன் திரும்பிய தருணம் என்று அதைச் சொல்லலாம். ஓர் உயிர் போன பிறகுதான் அது நடந்தது.

2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியதும் மீனவர்கள் படகுகளைச் சாலைக்கு இழுத்து வந்து மறித்தார்கள். சாலை வருமுன்பே அது அவர்களுடைய கரை, வலை உலர்த்திய மணல். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. பெண்களுக்கு நிழலும் தண்ணீரும் கிடைத்தது நல்லது. ஆனால் கரையின் மேல் அவர்களுக்கு உள்ள உரிமைக்கு எழுத்து வடிவம் இன்னும் இல்லை. கடலோர மீனவர்களின் நீண்ட கால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் விரிவான திட்டம் தீட்ட வேண்டும் என்று கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 2011லேயே சொன்னது. அந்தத் திட்டத்தை மீனவர் கையில் கொடுப்பது எந்தச் சாலையையும்விட முன்னால் வர வேண்டிய வேலை.

இப்போது கேட்க வேண்டியது

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று ஆனது. பழைய கட்டடங்களை இடித்து, சற்றே பெரிய வீடுகளாகக் கட்டித் தரும் வேலை சென்னையில் பல இடங்களில் நடக்கிறது. இடிக்கும்போது குடும்பத்துக்குக் கொடுக்கும் கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்தது. மயிலாப்பூரில் முன்பணம் கொடுத்து வாடகைக்குப் போகிறவருக்கு அது சில மாதங்களுக்குக்கூடக் காணாது. கட்டடம் முடிய ஆண்டுகள் ஆகின்றன. முடிந்ததும் பயனாளி பங்குத் தொகை என்று ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். ஐம்பது ஆண்டு அதே இடத்தில் இருந்து, தவணையும் கட்டி, கிரயப் பத்திரம் மட்டும் கைக்கு வராத குடும்பத்திடம் இன்னொரு முறை பணம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஸ்ரீனிவாசபுரத்து மக்களின் அச்சத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே வீட்டு வசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இருந்த நிலத்தில் வானுயர வணிக, குடியிருப்பு வளாகங்கள் கட்டும் யோசனை பேசப்படுகிறது. கடலும் ஆறும் சேரும் இடத்தில் நிலத்துக்கு விலை ஏறும்போது, ‘கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, காலி செய்யுங்கள்’ என்று சொல்லப்படுவதில் உண்மையும் இருக்கலாம், வேறு கணக்கும் இருக்கலாம். ஜன்னலோரச் சிமெண்ட் விழுந்து இறந்தவரைப் பார்த்த மக்களுக்குக் கட்டடத்தின் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலி செய்தால் திரும்ப வருவோமா என்பதுதான் அவர்கள் கேட்பது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் கற்றுக்கொடுத்த கேள்வி அது.

கருணாநிதியின் பெயரில் நூலகம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, கிராமங்களில் 8 லட்சம் வீடுகள் கட்ட 2024இல் தொடங்கிய திட்டத்துக்கும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்றே பெயர். அவரை மதிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அவர் 1970இல் சொன்ன ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: இருந்த இடத்திலேயே வீடு. 2000இல் அவர் அரசு அதிலிருந்து விலகியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் கேட்க வேண்டியது இதுதான். ஸ்ரீனிவாசபுரத்தில் ஒரு பிளாக்கைக்கூட இடிக்கும் முன், அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், குடும்பத் தலைவியின் பெயரில், இதே மனையில் மறு ஒதுக்கீடு என்று எழுத்தில் ஆணை கொடுங்கள். கட்டி முடிக்கும் வரை உண்மையான வாடகையைக் கொடுங்கள். பங்குத் தொகையைக் கைவிடுங்கள். வீட்டின் சாவியைக் கொடுக்கும் அன்றே கிரயப் பத்திரத்தையும் கொடுங்கள்.